எதிரணி எங்களுக்கு விழுந்துவிட்டது: "சண்டை விமானம் தேவை" என்று பிள்ளைகள் எப்படி வாதாடுவது?

கரவெட்டி மாஸ்டர் கேட்டது:

வணக்கம். வடமராட்சியில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். விவாத அணியும் என் தலையில்தான். அடுத்த மாதப் போட்டிக்குத் தலைப்பு வந்திருக்கிறது: "சிறிய நாடொன்றுக்குச் சண்டை விமானங்கள் வீண் செலவு." சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு எதிரணி. அதாவது வீண் செலவில்லை, தேவைதான் என்று எங்கள் பிள்ளைகள் மேடையில் நின்று பேச வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இதைப் பேச வைப்பது எப்படி என்று எனக்கே விளங்கவில்லை. அணியிலுள்ள ஒரு பிள்ளையின் அம்மம்மா, "உங்கட சேருக்கு வேற தலைப்பே கிடைக்கேல்லையோ?" என்று கேட்டாராம். அவர் கேட்பது நியாயம். ஆனால் பிள்ளைகளுக்கு அந்தப் பாரம் இல்லை. போர் முடியும்போது இவர்கள் கைக்குழந்தைகள். குண்டு போட வந்த கிபிர் விமானம் என்றால் இவர்களுக்கு யூடியூபில் பார்த்த படம். பலாலி என்றால் சென்னைக்குப் போகும் விமானம், பயணப் பொதி எத்தனை கிலோ என்ற கணக்கு. அவ்வளவுதான்.

முதல் வரைவை எழுதிக்கொண்டு வந்தார்கள். இறையாண்மை, வான்பரப்பு, வல்லாதிக்கம் என்று இரண்டு பக்கம். ஒரு ஆண்டும் இல்லை, ஒரு தொகையும் இல்லை. நடுவருக்கு நித்திரை வரும்.

மற்ற அணி என்ன கொண்டுவரும் என்பது எனக்குத் தெரியும். 2021 யூனில் ஐந்து கிபிர் விமானங்களைப் புதுப்பிக்க இஸ்ரேலிய நிறுவனத்துடன் 50 மில்லியன் டொலர் ஒப்பந்தம். அடுத்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. சனம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது. 2025 பாதீட்டில் பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன் ரூபா. இந்த நான்கு வசனத்தையும் ஒருவர் நிதானமாகச் சொல்லிவிட்டு இருந்தாலே எங்கள் அணி முடிந்தது.

விமானத்தை உண்மையில் யார் தெரிவு செய்கிறார்கள்? விமானப்படையா, அமைச்சரா, விற்கிற நாடா? சண்டை விமானமே வேண்டாம் என்று விட்ட நாடு ஏதும் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்டுரை வேண்டாம், பிள்ளைகள் பிடித்துக்கொள்ளக்கூடிய விஷயம் வேண்டும்.

நவாலியூரான்:

மாஸ்டர், கோபிக்காதேங்கோ. என்னால் உதவ முடியாது.

1995 யூலை 9. இடம்பெயர்ந்து வந்த சனம் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்திலும் தங்கியிருந்தது. விமானப்படையின் புக்காரா விமானம் வந்து போட்ட குண்டில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தப் புக்காரா ஆர்ஜென்ரீனாவில் வாங்கினது. அதையும் யாரோ ஒருவர் கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு ஒரு மேசையில் இருந்து "தேவை" என்று கையெழுத்து வைத்துத்தான் வாங்கியிருப்பார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகள் மேடையில் "எதிரி" என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறார்கள் என்று நடுவர் கேட்டால் பதில் வைத்திருக்கச் சொல்லுங்கள். இந்த நாடு வாங்கின எந்தப் பொம்மரும் வேறொரு நாட்டின் மேல் ஒரு குண்டும் போட்டதில்லை.

கொக்குவில் கணக்கு:

நவாலியூரான் சொன்னதற்கு எதிராக எனக்கு எந்த வாதமும் இல்லை. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுகிற அணி யாழ்ப்பாணத்தில் மட்டுமல்ல, கொழும்பில் பேசினாலும் தோற்க வேண்டிய அணிதான். இனி மாஸ்டர் கேட்டதற்கு வருகிறேன்.

நான் கொழும்பில் அரச கணக்காய்வில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதுகாப்புக் கோப்புகள் என் மேசைக்கு வந்ததில்லை. நான் பார்த்தது வீதி, மருந்து, பாடநூல். ஆனால் கொள்வனவு என்றால் எல்லாம் ஒரே சாதிதான். குண்டு போடுகிற பொருளென்று அதன் பற்றுச்சீட்டுக்குத் தனி இலக்கணம் கிடையாது.

"தேவை" என்று மட்டும் நின்று பேசினால் உங்கள் பிள்ளைகள் தோற்பார்கள். வீண்செலவை உண்டாக்குவது விமானமல்ல, அதை வாங்குகிற முறை என்று பேசினால் நிற்கலாம். அதற்கு எங்கள் நாட்டிலேயே பாடம் இருக்கிறது, மிக்-27.

2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தது. அந்த அவசரத்தில் அரசாங்கம் உலகம் முழுக்க ஆயுதம் தேடியது. உக்ரெயினிடம் ஆறு மிக்-27, அதோடு பயிற்சிக்கு ஒரு மிக்-23 வாங்கினார்கள். 2006இல் மறுபடியும் அதே உக்ரெயின். இன்னும் நான்கு மிக்-27, ஏற்கெனவே இருந்தவற்றில் நான்கைத் திருத்தி எடுப்பது, எல்லாம் சேர்த்து 14 மில்லியன் டொலருக்கு மேல். இது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான கொள்வனவு என்று சொல்லப்பட்டது. அப்படிச் சொன்னால் பகிரங்கக் கேள்விப்பத்திரம் (ரென்டர்) தேவையில்லை. மூன்று கம்பனியிடம் விலை கேட்கத் தேவையில்லை. ஏன் இந்த விலை என்று யாரும் கேட்கவும் முடியாது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது விலையே இருக்காது.

2007இல் சண்டே லீடர் பத்திரிகை இதைக் கிண்டியது. 2000இல் எங்கள் ஆட்கள் போய்ப் பார்த்து வேண்டாமென்று விட்ட பழைய விமானங்களைத்தான் அப்போது கொடுத்ததைவிடக் கூடிய விலைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று எழுதியது. அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு பணம் போன இடம் பற்றியது. உக்ரெயின் அரச நிறுவனத்துக்குப் போகாமல் பெலிமிசா ஹோல்டிங்ஸ் என்ற இடைக் கம்பனிக்குப் போனது என்றார்கள். அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ எல்லாவற்றையும் மறுத்தார், பத்திரிகை மேல் மானநஷ்ட வழக்கும் போட்டார்.

எந்தக் கொள்வனவிலும் நான் முதலில் பார்ப்பது விலையை அல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவரும் காசோலையில் பெயர் உள்ளவரும் ஒரே ஆளா என்பதைத்தான். அது இரண்டு ஆளென்றால் விலை நியாயமாக இருந்தாலும் நான் பேனையை மூடமாட்டேன். இது பாடநூல் அச்சடிப்பதற்கும் பொருந்தும், மிக்குக்கும் பொருந்தும்.

பிறகு என்ன நடந்தது? 2015இல் ஆட்சி மாறியது, நிதிக் குற்றப் புலனாய்வுப் பிரிவு வந்தது, விசாரணை தொடங்கியது. இந்தக் கொள்வனவில் சம்பந்தப்பட்டவர் என்று குற்றம் சாட்டப்பட்ட, ரஷ்யாவுக்கான முன்னாள் தூதுவர் உதயங்க வீரதுங்க 2020 பெப்ரவரியில் துபாயிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கைது செய்யப்பட்டார். அவரும் குற்றச்சாட்டை மறுக்கிறார். அதற்குள் ஆட்சி இன்னொரு தடவை மாறி, அன்றைய பாதுகாப்புச் செயலாளர் ஜனாதிபதியாகிவிட்டார். விசாரணையின் வேகம் யாருடைய ஆட்சி என்பதைப் பொறுத்தே ஏறி இறங்கியது. பாதுகாப்புக் கொள்கையின் அரசியல் என்று நீங்கள் வகுப்பில் படிப்பிப்பது இதைத்தான், மாஸ்டர்.

(பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று கொல்லப்பட்டார். இந்தக் கதையால்தான் கொல்லப்பட்டார் என்று மேடையில் சொல்ல வேண்டாம். எந்த நீதிமன்றமும் அப்படித் தீர்ப்பளிக்கவில்லை.)

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயமும் உண்டு. மிக்-27 தரையைத் தாக்குகிற விமானம். வானத்தில் வருகிற இன்னொரு விமானத்தைத் தேடிப் பிடிக்கும் ராடர் அதில் இல்லை. 2006இல் அதை வாங்கினார்கள். 2007 மார்ச்சில் புலிகளின் சிறிய விமானங்கள் கட்டுநாயக்காவுக்கு மேல் வந்தன. அவற்றை மறிக்க மிக் உதவாது. 2008இல் சீனாவிடம் எஃப்-7 இன்னொரு தொகுதி வாங்க வேண்டி வந்தது. ராடர் இந்தியா தந்தது. அது போதாதென்று சீன ராடர் வாங்கப் போனார்கள். அப்போதுதான் இந்தியாவின் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன் சென்னையில் வைத்து, இலங்கைக்கு எது தேவையென்றாலும் எங்களிடம் வரட்டும், சீனாவிடமும் பாகிஸ்தானிடமும் போகக்கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆக, எங்கள் ராடர் எது என்பதில் டில்லிக்கும் ஒரு கருத்து இருந்தது.

இந்தியாவைப் பற்றியும் கேட்கலாம், அங்கே எல்லாம் ஒழுங்கா என்று. அங்கே ஒரு கணக்காய்வு அறிக்கை இருக்கிறது, என் தொழில்காரருக்கு அது ஒரு அருங்காட்சியகம். 126 விமானங்களுக்கு 2007இல் போட்டி வைத்தார்கள். 2012இல் பிரான்சின் ரஃபேல் தெரிவானது. 18 விமானம் அங்கிருந்து பறந்து வரும், 108ஐ பெங்களூரிலுள்ள அரச விமானக் கம்பனி எச்.ஏ.எல். செய்யும் என்பது திட்டம். மூன்று வருடம் பேசியும் முடியவில்லை. 2015 ஏப்ரலில் மோடி பாரிசுக்குப் போய் 36ஐ நேராக வாங்குகிறோம் என்றார். அங்கேயும் அரசுக்கு அரசு. அடுத்த வருடம் கையெழுத்து, ஏறத்தாழ 7.87 பில்லியன் யூரோ. உள்ளூர்ப் பங்காளியாக அனில் அம்பானியின் கம்பனி வந்ததில் பெரிய சண்டை எழுந்தது.

2019 பெப்ரவரியில், தேர்தலுக்குச் சற்று முன், தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. பழைய விலையைவிட 2.86 வீதம் குறைவு என்று சொல்கிறது. எந்தப் பழைய விலை, எந்தப் புதிய விலை என்று பார்க்கப் போனால் அந்த இடங்களில் எண்களே இல்லை. விலைகளை வெளியிடக்கூடாது என்று பாதுகாப்பு அமைச்சு கேட்டதால் மறைத்துவிட்டார்கள். வீதம் இருக்கிறது, தொகை இல்லை. நான் சேவையில் இருந்தபோது இப்படி ஒரு அட்டவணையைக் கொண்டுபோயிருந்தால் என் மேலதிகாரி கோப்பை மூஞ்சியில் எறிந்திருப்பார். அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது: பிரெஞ்சு அரசின் முழு உத்தரவாதம் கேட்டார்கள், கிடைத்தது ஓர் ஆறுதல் கடிதம், முழு உத்தரவாதத்தின் பலம் அதற்கு இல்லை. அந்த அறிக்கை வெளிவருவதற்கு முன்பே, 2018 டிசெம்பர் தீர்ப்பில், அதை நாடாளுமன்றக் குழு பார்த்துவிட்டதாக இந்திய உச்ச நீதிமன்றம் எழுதியிருந்தது. மறுநாளே அரசாங்கம் திருத்தம் கேட்டு ஓட வேண்டி வந்தது.

நல்ல விமானம்தான், யாரும் அதை மோசமென்று சொல்லவில்லை. ஆனால் நல்ல விமானம் வாங்கினதுக்கும் சந்தேகம் போகவில்லை. ஏன் என்று உங்கள் பிள்ளைகள் சபையைக் கேட்கட்டும்.

ஸ்ரான்லி வீதி கராச்:

கணக்கு ஐயா எழுதினதுக்குப் பிறகு எழுதப் பயமாக இருக்கிறது. நான் வாகனம் திருத்துகிற ஆள், விமானம் என்றால் சின்னனிலிருந்து பைத்தியம். பங்கருக்குள் இருந்துகொண்டே சத்தத்தில் எது கிபிர், எது சியாமாசெட்டி, எது அவ்ரோ என்று சொல்லுவேன். அம்மாவிடம் அடியும் வாங்கியிருக்கிறேன், தலையை வெளியே நீட்டினதுக்கு.

யார் தெரிவு செய்கிறார்கள் என்று மாஸ்டர் கேட்டதுக்கு கிபிரின் கதையைச் சொல்லலாம். இஸ்ரேல் முதலில் பிரான்சின் தசோ கம்பனியிடம் மிராஜ்-5 விமானங்களுக்கு ஓடர் கொடுத்து வைத்திருந்தது. 1967இல் பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல் தடை போட்டார், விமானம் வரவில்லை. சரி, நாங்களே செய்கிறோம் என்று அதே உடம்பை வைத்துச் செய்து, பிறகு அதற்குள் அமெரிக்காவின் ஜே-79 எஞ்சினை ஏற்றினார்கள். அதுதான் கிபிர். எஞ்சின் அமெரிக்காவினுடையது என்பதால் யாருக்கு விற்பதென்றாலும் வாஷிங்டனின் தலையாட்டல் வேண்டும். 1977இல் எக்குவடோருக்கு விற்கப் போனபோது அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் மறித்துவிட்டார். 1996இல் கட்டுநாயக்காவுக்கு வருவதற்கு யாரும் மறிக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. 1982இல் பாகிஸ்தானுக்கு எஃப்-16 வருகிறது என்று இந்தியா அதே தசோவிடம் மிராஜ்-2000 வாங்கியது. 1987 யூன் 4 அன்று இந்தியாவின் ஐந்து ஏ.என்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேல் வந்து அரிசி, பருப்பு மூட்டைகளைப் போட்டதே, பூமாலை நடவடிக்கை, அதற்குக் காவலுக்கு வந்தது அந்த மிராஜ்-2000. எஃப்-16க்கு மறுமொழியாக வாங்கினது வலிகாமத்துக்கு மேல் பருப்புக்குக் காவல் பறந்தது. அடுத்த மாதமே இந்திய இலங்கை ஒப்பந்தம். வாங்கும்போது சொல்கிற காரணமும் பறக்கிறபோது நடக்கிற வேலையும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

50 மில்லியன் டொலருக்கு மறுமொழி கேட்டீர்கள். இந்தியா 2021இல் தானே செய்கிற தேஜஸ் சண்டை விமானங்கள் 83க்கு ஓடர் கொடுத்தது, ஏறத்தாழ 48,000 கோடி இந்திய ரூபா. உதிரிப்பாகம், தள வசதி எல்லாம் சேர்த்து வகுத்தால் ஒன்றுக்கு 560 கோடிக்கு மேல். அன்றைய கணக்கில் 75 மில்லியன் டொலரைத் தாண்டும். ஆக ஐந்து கிபிரைத் திருத்துகிற காசுக்கு ஒரு புதிய தேஜஸ்கூட வராது. பிள்ளைகள் இதைச் சொல்லலாம். மற்ற அணி உடனே, அப்போ ஐந்தும் வேண்டாமே என்று சொல்லும். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ஆனால் தேஜஸிலும் எஞ்சின் கதைதான். 1983இல் தொடங்கின திட்டம், 2001இல் முதல் பறப்பு, 2016இல்தான் படையில் சேர்ந்தது. எஞ்சின் அமெரிக்க ஜி.ஈ. கம்பனியினுடையது. 2021இல் 99 எஞ்சின் ஓடர் பண்ணினார்கள், முதலாவது வந்தது 2025 மார்ச்சில். பழைய லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் வாங்குகிற கமக்காரனே சுன்னாகத்தில் பாட்ஸ் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுத்தான் முற்பணம் கொடுக்கிறான். சண்டை விமானத்துக்குச் சுன்னாகம் எங்கே இருக்கிறதோ, அந்த நாட்டோடு முப்பது வருடம் கோபிக்க முடியாது.

2016இல் பாகிஸ்தான் பிரதமர் கொழும்புக்கு வந்தபோது இலங்கை அவர்களிடம் ஜே.எஃப்-17 சண்டை விமானம் வாங்கப் போகிறது என்று செய்தி வந்து, இந்தியா முகம் சுளித்து, கடைசியில் இலங்கை அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கிபிரையே திருத்தித் திருத்தி ஓட்டுவது ஏன் என்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். புதிதாக எதை வாங்கினாலும் யாரோ ஒருவர் கோபிப்பார். இருக்கிறதைத் திருத்தினால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

பேர்ண்வாசி:

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இப்போது ஊரில்தான் நிற்கிறேன். இருக்கிற நாடு சுவிஸ். அங்கே சண்டை விமானம் வாங்குவதற்குச் சனத்திடம் வாக்குக் கேட்பார்கள் என்றால் இங்கே யாரும் நம்பமாட்டார்கள்.

2014 மே மாதம் சுவீடனின் கிரிப்பன் 22 விமானம் வாங்குவதா என்று கேட்டார்கள். 53.4 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள், அத்தோடு முடிந்தது. 2020 செப்ரெம்பரில் மறுபடியும் கேட்டார்கள். இந்தத் தடவை விமானத்தின் பெயர் சொல்லவில்லை, 6 பில்லியன் பிராங் வரை செலவழிக்கலாமா என்று மட்டும்தான் கேள்வி. 50.1 வீதம் ஓம். வித்தியாசம் எட்டாயிரத்துச் சொச்ச வாக்குகள். எங்கள் வீட்டில் நான் இல்லை என்று போட்டேன், மனிசி ஓம் என்று போட்டா. காரணம் கேட்டேன். "எங்களுக்குப் பொம்மர் இல்லாத ஊரில் இருந்து பழக்கம் இல்லையே" என்று சிரித்தா. அது பகிடியா இல்லையா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

மாஸ்டருக்கு உதவக்கூடிய சம்பவம் ஒன்று. 2014 பெப்ரவரியில் எதியோப்பியன் எயார்லைன்ஸ் விமானத்தைத் துணை விமானியே கடத்திக்கொண்டு விடியப்புறம் ஜெனீவாவுக்கு வந்தார். கூடப் பறந்து வந்தது இத்தாலி, பிரான்ஸ் நாட்டு விமானங்கள். சுவிஸ் விமானப்படை வரவில்லை. அந்த நேரம் அவர்களுக்கு வேலை நேரம் இல்லை! உண்மையாகவே அலுவலக நேரத்தில் மட்டும்தான் அவர்களுடைய விமானங்கள் ஆயத்தமாக இருந்தன. அது பெரிய சிரிப்பாகி, 2020 முடிவில்தான் 24 மணி நேரக் காவல் முழுமையாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் காவல் காக்கிறான் என்று எவ்வளவு தூரம் நம்பலாம் என்று உங்கள் அணி கேட்கலாம்.

ஆனால் வாக்கெடுப்பு வைத்தாலும் பிரச்சினை தீராது. 2021இல் அமெரிக்காவின் எஃப்-35ஐத் தெரிவு செய்தார்கள், 36 விமானம். விலை மாறாது, நிலையான விலை என்று அரசாங்கம் வருடக்கணக்காகச் சொன்னது. அமெரிக்கா அப்படி ஒன்றும் இல்லை என்றது. 2025 யூனில் இன்னும் 650 மில்லியனிலிருந்து 1.3 பில்லியன் பிராங் வரை கூடுதலாகப் போகலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஓகஸ்டில் ட்ரம்ப் சுவிஸ் பொருட்களுக்கு 39 வீதம் வரி போட்டார். அப்போ அவர்களின் விமானம் எங்களுக்கு எதுக்கு என்று பஸ்ஸிலும் கதை, வேலையிடத்திலும் கதை. நான் ஒன்றும் சொல்லவில்லை, மனிசியும் பக்கத்தில்தான் இருந்தா.

மயிலிட்டி:

எல்லோரும் விமானத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். விமானம் நிற்க நிலம் வேண்டும். பலாலி விமானத் தளத்தின் கணக்கில் எங்கள் காணி வருமா?

1990இல் வெளிக்கிட்ட குடும்பம் எங்களது. உயர் பாதுகாப்பு வலயம் என்று அடைத்த காணியில் ஒரு பகுதி விட்டார்கள், ஒரு பகுதி இன்னும் இல்லை. வசாவிளான் பலாலி வீதி 2025 ஏப்ரலில்தான் சனத்துக்குத் திறந்தது, அதுவும் பகலில் மட்டும். கணக்கு ஐயாவிடம் கேட்கிறேன்: பாதுகாப்புச் செலவு என்று பாதீட்டில் போடுகிற தொகையில், முப்பது வருடத்துக்கு மேல் வெங்காயமும் மரவள்ளியும் போடாத செம்மண்ணின் வருமானம் எந்த வரியில் வருகிறது?

கரவெட்டி மாஸ்டர்:

எல்லோருக்கும் நன்றி. மயிலிட்டி அக்காவின் கேள்வியை மற்ற அணி கேட்டால் நாங்கள் எழும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அந்த அம்மம்மாவின் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள்: சண்டை விமானம் வேண்டாம் என்று சொன்ன நாடு பிறகு வருத்தப்பட்டதா? இதற்கு யாருக்காவது விடை தெரியுமா?

கொக்குவில் கணக்கு:

முதலில் மயிலிட்டிப் பிள்ளைக்கு. எந்த வரியிலும் வராது அம்மா. அரச கணக்கு காசு வெளியே போனால் எழுதும், உங்களுக்கு வராமல் போனதை எழுதாது. மாஸ்டர், உங்கள் அணி இதைத் தானே முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் எடுக்க முடியாது. மறைத்து வைத்து மாட்டுவதைவிட அது நல்லது.

பேத்தியின் கேள்விக்கு நியூசிலாந்தைக் காட்டுங்கள். அமெரிக்காவிடம் 28 எஃப்-16 விமானங்களைக் குத்தகைக்கு எடுக்க முந்தைய அரசாங்கம் பேசி முடித்திருந்தது. ஹெலன் கிளார்க் பிரதமராக வந்து 2000இல் அதை நிறுத்தினார். இருந்த ஸ்கைஹோக் சண்டை விமான அணியையும் அடுத்த வருடம் கலைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர்களிடம் சண்டை விமானமே இல்லை. ஆனால் 2018இல் கடலைக் கண்காணிக்க நான்கு பி-8 விமானம் வாங்க முடிவெடுத்தார்கள். தீவுக்காரருக்கு எது தேவை என்று அவர்கள் கண்டது அது.

நாங்களும் தீவுதான். 2022 ஓகஸ்ட் 15 அன்று இந்தியா ஒரு டோர்னியர் கண்காணிப்பு விமானத்தைக் கட்டுநாயக்காவில் வைத்துத் தந்தது. மறுநாள் சீனாவின் யுவான் வாங் 5 கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. இரண்டையும் ஒரே கிழமையில் வரவேற்றார்கள். அன்பளிப்பு என்றால் விலை இல்லை, கேள்விப்பத்திரமும் இல்லை. ஆனால் அதுவும் ஒரு தெரிவுதான், தெரிவு செய்தவர் நாங்கள் இல்லை, அவ்வளவுதான்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது வேலை செய்தது கிபிர் அல்ல, ஹெலி. எங்கள் விமானப்படையின் பெல்-212 ஒன்று நிவாரணத்துக்குப் போன இடத்தில் லுணுவிலவில் விழுந்து விமானி இறந்தார். அதே வருடம் மே மாதத்தில் இன்னொரு பெல்-212 மாதுறு ஓயாவில் விழுந்து ஆறு பேர் இறந்திருந்தார்கள். எது அவசரம் என்று ஒரு பட்டியல் போட்டு, அதைச் சனம் பார்க்கிற இடத்தில் வைத்து, அதற்குப் பிறகும் சண்டை விமானம் வேண்டுமென்று சொல்ல முடிந்தால் அது நியாயமான தேவை. உங்கள் அணியின் கடைசிப் பேச்சாளர் இதைச் சொல்லட்டும். வெல்வீர்களோ தெரியாது, நவாலியூரான் எழும்பிப் போகாமல் இருந்து கேட்பார்.

நவாலியூரான்:

போட்டி எந்த மண்டபத்தில்?

கரவெட்டி மாஸ்டர்:

இடம் இன்னும் அறிவிக்கவில்லை அண்ணை, தெரிந்ததும் போடுகிறேன். கணக்கு ஐயா, பேத்திதான் கடைசிப் பேச்சாளர். ரஃபேல் பகுதியையும் தானே எடுக்கிறேன் என்கிறாள்.

கொக்குவில் கணக்கு:

சந்தோசம். 2.86ஐ "ஏறக்குறைய 3" என்று சொல்ல வேண்டாமென்று சொல்லுங்கள். மற்ற அணியில் கணக்கியல் படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால் அங்கேயே பிடித்துவிடும்.